அக்கா தனியாகப் போகமாட்டாள்

குளியலறையைத் தவிர வேறு எங்கும் அக்கா தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. அங்கேயும், உள்ளேயிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வெளியில் நிற்கும் யாரிடமாவது பேசிக்கொண்டுதான் இருப்பாள். வெளியில் யாரும் இல்லாவிட்டால் குரல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். "ஏம்மா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" பதில் வந்த பிறகுதான் அடுத்த சொம்புத் தண்ணீர் விழும்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள். மறுநாளே ஒரு வேன் நிறைய ஆட்களோடு சென்னையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். சண்டைக்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான். நான் இருப்பது சின்ன ஃபிளாட். அத்தனை பேருக்குக் காப்பி கொடுக்க என்னிடம் டம்ளர் கிடையாது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அவள் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். புத்தூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை. சொந்த ஊர் சித்தூர். எங்கள் வீடு சர்ச்சுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்ததால் ஜெபக்கூட்டமா, கொயர் பிராக்டிஸா, யாருக்காவது நிச்சயதார்த்தமா, எல்லாம் எங்கள் கூடத்தில்தான். வாசலில் எந்நேரமும் ஒரு குவியல் செருப்பு கிடக்கும். ஒரு அறை, ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள், இது போதும் சாமி என்றுதான் வேலை கிடைத்ததும் ஓடிவந்தேன்.

குடிவந்த முதல் நாள் சாயங்காலமே கதவு தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. பின்னால் நாலைந்து பெண்கள்.

"கேஸ் அடுப்பு ஒழுங்கா எரியுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள்.

ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்தாள். ஒருத்தி எரிவதைப் பார்த்தாள். ஒருத்தி என் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, விரலை விட்டு, "எலுமிச்சங்காயா? உப்பு பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னாள். எல்லாரும் உட்கார்ந்து என் சம்பளம், சாதி, சாமி, சமையல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து நின்றேன். எங்கிருந்து ஓடிவந்தேனோ அதைவிடப் பெரிய கூட்டத்தில் வந்து விழுந்திருக்கிறேன் என்று புரிந்தது.

என்னைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. நான் 'மாடி.' "ஏ மாடி, கடைக்குப் போறேன், வர்றியா?" என்று கீழேயிருந்து குரல் வரும். என்ன வாங்க என்று கேட்டால், "ஊக்கு" என்பாள். அந்தப் புடவை ஊக்கை வாங்கத் தெருவில் நாலு பேர் கைகோத்துப் போவோம். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சும்மா வாம்மா, பேசிக்கினே போயிட்டு வந்துடலாம்" என்பாள். அந்தக் குரலில் என்ன மாயமோ, கையில் எடுத்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். திரும்பி வரும்போது என்மேல் எனக்கே கோபமாக இருக்கும்.

ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கப் போனாள். அதற்கும் பெரிய பட்டாளம். டாக்டர் பாவம், சின்னப் பையன். அக்கா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் சுற்றி நின்ற அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்து எட்டிப் பார்த்தன. டாக்டருக்கு வெளிச்சம் போய்விட்டது. "அந்தப் பல்லு இல்ல சார், பக்கத்துது" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "ஆமா சார், அதான் ராத்திரியெல்லாம் வலிக்குது" என்றாள் இன்னொருத்தி. வாய் திறந்தபடியே அக்கா தலையை ஆட்டினாள்.

சித்தூரில் எனக்கு ஒரு வேலைக்கான நேர்காணல் வந்தபோதும் இதே கதைதான். என் சொந்த ஊர், எனக்குத் தெரியாத தெரு இல்லை. ஆனாலும் அக்கா மூன்று பேரோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் உள்ளே போய்விட்டு வெளியே வந்து பார்த்தால் மரத்தடியில் இவர்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். கூடவே வாட்ச்மேனும் உரிக்கிறார். நேர்காணலுக்கு வந்திருந்த இன்னொரு பெண்ணின் அப்பாவும் உரிக்கிறார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் கல்யாணத்துக்கு அக்கா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா, உங்களால தனியா ஒரு இடத்துக்குப் போயிட்டு வர முடியாதா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தாள். "போலாம்மா, போறதுக்கு இன்னா? ஆனா தனியா போயிட்டு வந்தா அப்பால அதப் பத்தி யார்கிட்ட பேசுவ? நாம சொல்லணும், அவங்க கேக்கணும். கூட வந்தவங்கன்னா ரெண்டு பேருமே பாத்தது. எத்தினி வருசமானாலும் பேசிக்கினே இருக்கலாம்." சொல்லிவிட்டு மறுபடி புடைத்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. "அதனாலதான் குடும்பம் நல்லா ஓடுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது துரை. துரை வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. அக்காவின் தம்பி வைத்திருந்தது. அவனுக்குச் சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும், "ரெண்டு நாள் பாத்துக்கோக்கா" என்று கட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், அக்காவுக்கே சொந்தமாகிவிட்டது.

வந்த புதிதில் துரை ஓயாமல் கனைத்துக்கொண்டே இருந்தது. தெருவே தூங்கவில்லை. விற்றுவிடலாம் என்றார் மாமா. அக்கா ஒரே பேச்சில் முடித்தாள். "அதுக்குத் தனியா நிக்கப் பயம். இது கூடவா தெரியல?" மறுநாள் சந்தைக்குப் போய் (வழக்கம்போல் கூட்டத்தோடு) ஒரு வெள்ளாட்டைப் பிடித்து வந்து குதிரைக்குப் பக்கத்தில் கட்டினாள்.

"அக்கா, அது ஆடு" என்றேன்.

"துரைக்கு இன்னா தெரியும்? நாலு காலு கீது, பக்கத்துல நிக்குது, போதும்."

அன்றோடு கனைப்பு நின்றது. ஆட்டுக்கு மணி என்று பெயர் வைத்தாள். துரை கல்யாணத்துக்குப் போனால் மணியும் போகும். முன்னால் பேண்டு, நடுவில் குதிரைமேல் மாப்பிள்ளை, கடைசியில் ஒரு ஆடு. நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஆடு ஒன்று நிற்பதைப் பார்த்தால் யாரும் குழம்பவேண்டாம். அது துரைக்குத் துணையாக வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. நான் காலேஜுக்குக் கிளம்பிப் படி இறங்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் மணி கத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். துரை தரையில் கிடந்து புரண்டது. எழுந்தது, முன்னங்காலால் மண்ணைப் பறித்தது, கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது, மறுபடி தொப்பென்று விழுந்தது. வெள்ளை உடம்பு முழுக்க வியர்வை. பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வயிற்றில் உதைத்துக்கொண்டது. அக்கா கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி, "எழுந்துருடா, எழுந்துருடா ராஜா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

தெரு கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாரையும் அடக்கியது தெலுங்கு சாரின் குரல். அவர் மூலை வீட்டுக்காரர். ஸ்கூலில் தெலுங்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். இன்றைக்கும் தெருவுக்கே வாத்தியார் என்ற நினைப்பு.

"பின்னங்காலப் பாருங்க. கீழ வெக்க முடியல. காலு பிசகியிருக்குது. சந்தேகமே இல்ல, புத்தூர் கட்டு."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. மரத்திலிருந்து விழுந்தாலும் புத்தூர், மாடு முட்டினாலும் புத்தூர். எலும்பு என்று ஒன்று உடம்பில் இருந்தால் போதும், புத்தூரில் கட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்.

நல்லவேளையாக மாமா உள்ளூர் கால்நடை டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். டாக்டர் தடுப்பூசி முகாமுக்காக எங்கோ கிராமத்தில் இருந்தார். மாமாவுக்குக் காது கேட்காது என்று நான் போனை வாங்கிப் பேசினேன். "புரளுதா? வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதா? அது வயித்துவலிம்மா. குதிரைக்கு வயித்துவலி வந்தா வெளையாட்டு இல்ல, உயிர் போயிடும். திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. வழியில படுத்துப் பொரள விடாதீங்க, கொடலு முறுக்கிக்கும்."

உயிர் போயிடும் என்றதை நான் திருப்பிச் சொல்லவில்லை. திருப்பதி என்பதையும் படுத்துப் புரள விடக்கூடாது என்பதையும் மட்டும் சொன்னேன்.

"திருப்பதிக்குத்தான போறோம்? வழியிலதான புத்தூரு. ஒரு எட்டு காட்டிட்டுப் போயிடலாம்" என்றார் தெலுங்கு சார். விடுவாரா மனுஷன்!

துரை கல்யாணத்துக்குப் போகிற மினி லாரி வந்தது. துரை ஏற மறுத்தது. மணியைத் தூக்கி முதலில் ஏற்றினார்கள். துரை பார்த்தது, நடுங்கிக்கொண்டே பலகையில் கால் வைத்து ஏறிவிட்டது. அதற்குப் பின்னால் தெருவே ஏறியது. இடமில்லாதவர்கள் ஒரு ஆட்டோவைப் பிடித்தார்கள். யாரோ ஒருத்தி ஒரு தூக்கில் புளிச்சாதம்கூடக் கட்டிக்கொண்டாள்.

நான் காலேஜ் பையோடு நின்றேன். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கை சில்லிட்டிருந்தது. ஏறிவிட்டேன்.

லாரியில் வேண்டுதல்கள் ஆரம்பித்தன. திருத்தணி முருகனுக்குக் காவடி என்றாள் ஒருத்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே இந்தக் குதிரையைக் காப்பாற்றும் என்று ஜெபித்தேன். தெலுங்கு சார் கையைத் தலைக்குமேல் தூக்கி, "வெங்கடேஸ்வரா, மலைக்கு வந்து முடி எடுக்கறேன்" என்றார். அவருக்கு முழு வழுக்கை. யாருடைய முடி என்று கேட்க அப்போது யாருக்கும் தைரியமில்லை. துரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டோம்.

புத்தூரில் கட்டுக் கட்டுகிற வீடு ஒன்றின் முன்னால் லாரி நின்றது. கை தொங்கிப்போனவர்கள், கால் நீட்டி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வலியை மறந்து எழுந்து வந்து குதிரையைப் பார்த்தார்கள். கட்டுப் போடுகிறவர் கையெல்லாம் கட்டுக்குத் தடவுகிற முட்டை வெள்ளைக்கருவோடு வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். துரை பின்னங்காலால் பலகையில் ஒரு உதை விட்டது. லாரியே ஆடியது.

"இந்தக் காலுக்கா கட்டு?" என்றார். "இத்தத் தொட்டா எனக்கில்ல கட்டுப் போடணும்? காலு கல்லு மாதிரி கீது. வயித்தப் பாருய்யா, உப்பிக்கினு கீது. ஏன்யா இங்க நின்னுகினு கீறீங்க, திருப்பதிக்கு ஓடுங்க!"

எல்லாரும் தெலுங்கு சாரைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

லாரி கிளம்பும்போது, புதுசாகக் கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு ஆள், "திருப்பதியா? நானும் அங்கதான்" என்று கேட்டான். அந்த நிலைமையிலும் அக்காவின் வாய் தானாகச் சொன்னது: "ஏறு நைனா."

வடமாலப்பேட்டையைத் தாண்டியதும் துரை படுக்கப் பார்த்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தாங்கினோம். அந்தச் சூடும் நடுக்கமும் இன்றைக்கும் என் தோளில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். லாரியிலிருந்து இறங்கினோம், ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள், ஆடு இறங்கியது, கையில் கட்டோடு ஒருவன் இறங்கினான். டாக்டர் மலைத்துப்போய், "இந்தமந்தி எந்துகண்டி?" என்றார். எதற்கு இத்தனை பேர் என்று கேட்கிறார்.

"மேமந்தா துரை தாலூகு மேடம்" என்றார் தெலுங்கு சார் கம்பீரமாக. நாங்கள் எல்லாரும் துரையின் ஆட்கள்.

"துரை எவரு?"

சார் குதிரையைக் காட்டினார்.

அதற்குமேல் டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. துரையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கம் கையை விட்டுச் சோதித்தார். பிறகு, எங்கள் பேச்சைக் கவனித்திருக்க வேண்டும், தமிழிலேயே கேட்டார். "நேத்து என்ன கொடுத்தீங்க?"

"எப்பவும் போலதான் மேடம். புல்லு, கொள்ளு, தவிடு" என்றாள் அக்கா.

பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். "நான் ஒரு கை சக்கரப் பொங்கல் குடுத்தேன். பண்டிகையாச்சேன்னு."

"நானு வடை" என்றாள் அடுத்தவள். "உளுந்து வடைதான்."

"வாழைப்பழம். தோலோடதான் குடுத்தேன், தோலு சத்தாமே."

"நானும் பொங்கல்தான், ஆனா வெண்பொங்கல்."

டாக்டரின் கண் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து தெலுங்கு சாரிடம் நின்றது. "மைசூர்பாகு" என்றார் சார், தலையைக் குனிந்து. "எனக்குச் சுகரு. வூட்ல துன்ன விடல. அதான் அதுங்கிட்ட குடுத்துட்டேன்."

கடைசியாக மாமா வாயைத் திறந்தார். "மிச்சம் இருந்த சுண்டல் குண்டான நான்தான் அதும் முன்னால வெச்சேன்." அக்கா திரும்பிப் பார்த்தாள். காது கேட்காத மனுஷன்தான், ஆனால் அந்தப் பார்வை அவருக்கு நன்றாகக் கேட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் எதுவும் கொடுக்கலை" என்றேன்.

"ஒண்ணுமே குடுக்கலியா?" என்றாள் வடைக்காரி. துரைக்கு வந்த வலியே அந்தக் குறையால்தான் என்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுபடி திரும்பியபோது சிரிப்பு இல்லை. "குடல்ல சத்தமே இல்லைங்க. அடைச்சிருக்கு. ஊசி போடறேன், குளுகோஸ் ஏத்தறேன், மூக்கு வழியா டியூப் விட்டு எண்ணெய் உள்ள அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள லத்தி போடணும். போட்டா பிழைச்சிடும். போடலைன்னா…" நிறுத்தி, அக்காவைப் பார்த்தே சொன்னார். "ஆபரேஷன் தாங்கற வயசு இல்லம்மா இதுக்கு. மனசைத் தைரியமா வச்சுக்கோங்க."

ஒரு மிருகத்தின் சாணத்துக்காக இத்தனை பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம் என்று காலையில் எழுந்தபோது யார் நினைத்தது!

டியூப்பை ஏற்றும்போது மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். துரை கண்ணை உருட்டியது. எல்லாம் முடிந்ததும் டாக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, இத்தனை பேர் வந்திருக்கீங்க இல்ல? வேலை செய்யுங்க. மரத்தடியில மெதுவா நடத்துங்க. களைப்பா இருந்தா சும்மா நிக்கட்டும், ஆனா படுத்துப் புரளக்கூடாது. ஆள் மாத்தி மாத்திப் பிடிங்க. ஒரு விஷயம், அதோட வாயில யாரும் எதுவும் வைக்கக்கூடாது. ஒரு பருக்கைகூட." கடைசி வாக்கியத்தைத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார்.

அன்று பகல் முழுக்க நடத்தினோம். புத்தூரில் ஏறிய கட்டுக்கை ஆள் தன் வேலையை மறந்துவிட்டு, நல்ல கையால் மணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மணி போனால் துரை பின்னால் போகும். பிடித்தவர்கள் எல்லாரும் அதனிடம் பேசிக்கொண்டே போனார்கள். வடைக்காரி தன் மாமியார் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். தெலுங்கு சார் ஸ்கூலில் நடத்திய செய்யுள்களைப் பாடினார். என் முறை வந்தது. அதற்குமுன் துரையை நான் தொட்டதுகூட இல்லை. என்ன பேசுவது? "எனக்குப் பயமா இருக்கு துரை" என்றேன். "நீ போயிட்டா அக்காவ என்னால பாக்க முடியாது. தயவுசெஞ்சு போயிடாத." ஒரு குதிரையிடம் கெஞ்ச எனக்கு வெட்கமாகவே இல்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது வலி திரும்பியது. துரை முன்னங்காலை மடித்தது. "பிடி, பிடி!" என்று எல்லாரும் ஓடினோம். டாக்டர் ஓடிவந்து இன்னொரு ஊசி போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா மட்டும் எழுந்து வரவில்லை. வேப்பமரத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். புளிச்சாதத் தூக்கு பக்கத்தில் திறக்காமலே இருந்தது. நான் அவளைப் பார்த்த நாளிலிருந்து அவள் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்ததில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் மாடி" என்றாள். "நேத்து நான்தான் துரைய வூடு வூடா இட்டுக்கினு போனேன். ஆளுக்கு ஒரு வாய் ஆசையா குடுங்கன்னேன். டாக்டரம்மா கேட்டப்ப அதச் சொல்ல வாய் வரல. எனக்கு எல்லாத்துக்கும் கூட்டம் வேணும். அத்தத் தனியா கட்டி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

இந்தப் பேச்சை வேறு யாராவது, வேறு எப்போதாவது சொல்லியிருந்தால் நான் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். தாழ்ப்பாளுக்காக ஊரைவிட்டு வந்தவள் நான்.

"தனியா கட்டி வெச்சிருந்தா இப்ப யாருக்கா நடத்தறது?" என்றேன். "அங்க பாருங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரங்களின் நடுவே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் கட்டுப் போட்ட கை, அப்புறம் ஆடு, துரையின் இரண்டு பக்கமும் மாமாவும் தெலுங்கு சாரும், பின்னால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள். எல்லாரும் காலையிலிருந்து பட்டினி. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. நீளமாக, அடிக்குரலில், பேண்டுக்காரர்களின் பெரிய வாத்தியத்தைப்போல. எல்லாரும் நின்றார்கள். "எவரு?" என்றார் தெலுங்கு சார். துரைதான் காற்று விட்டது. உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "வரட்டும், வரட்டும்! நல்லது!" என்று கத்தினார்.

துரை இரண்டடி எடுத்து வைத்தது. நின்றது. வாலை மெல்லத் தூக்கியது.

பொத்தென்று விழுந்தது. இன்னொன்று. பிறகு மளமளவென்று.

வடைக்காரி குலவை போட்டாள். தெலுங்கு சார் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கட்டுக்கை ஆள் துள்ளிக் குதித்துவிட்டு, ஐயோ அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான் கத்திய கத்து சித்தூர் சர்ச்சில் என்னைப் பாட வைத்தவர்களுக்கே கேட்டிருக்கும். வேறு யாரோ கூட்டி வந்திருந்த ஒரு எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. டாக்டர் ஓடிவந்து குனிந்து லத்தியைப் பார்த்தார், துரையின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், கேட்டார். பிறகு அந்தக் குழாயைத் தன் காதிலிருந்து கழற்றி அக்காவின் காதில் மாட்டினார்.

அக்கா கேட்டாள். அவள் முகம் மாறுவதை நாங்கள் பார்த்தோம். துரையின் வயிற்றுக்குள் குடல் உருளும் சத்தம் அது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

எல்லாரும் துரையைச் சூழ்ந்துகொண்டோம். ஆளாளுக்குத் தடவினோம், தட்டினோம், ஒரே நேரத்தில் பேசினோம். அக்கா குழாயை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் தோள்களைப் பிடித்து ஒவ்வொருவராக விலக்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் அப்பால போங்க" என்றாள். "நான் அதுங்கிட்ட தனியா பேசணும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமாவுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். நாங்கள் நகர்ந்தோம். மணி நகரவில்லை. அதையும் இழுத்துக்கொண்டு போனோம். மரத்தடியில் போய் நின்று, புளிச்சாதத் தூக்கைத் திறந்து ஆளுக்கு ஒரு வாயாகத் தின்றுகொண்டே பார்த்தோம். அவள் துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதோடு வாயை வைத்து, ரொம்ப நேரம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். துரை காதை மட்டும் அசைத்தது.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் சொல்வார்கள். துரையிடம் அக்கா என்ன சொன்னாள் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது.